‘அன்று, இன்று’ படங்களுக்கு நடுவே விட்டுப்போவது

கேள்வி இதுதான்: ஒரு நகரத்தின் பழைய பகுதிகளும் கட்டடங்களும் மாறிவருவதைக் காட்டும் புகைப்படக் கண்காட்சிகளில் பெரும்பாலும் ‘அன்று, இன்று’ என்று ஜோடி ஜோடியாகப் படம் மாட்டியிருக்கிறார்கள். பார்த்ததும் ஒரு பெருமூச்சு வருகிறது, வெளியே வந்தால் ஒன்றும் மனதில் நிற்பதில்லை. இந்த மாதிரிக் கண்காட்சியை எப்படிப் பார்ப்பது? நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒன்று நடத்துவதானால் எதில் கவனம் வைக்க வேண்டும்?

பெருமூச்சோடு நின்றுபோவதற்குப் பார்ப்பவரைக் குறை சொல்ல மாட்டேன். ஜோடியின் அமைப்பே அப்படி. இடது பக்கம் திண்ணையோரம் ஆள் உட்கார்ந்திருக்கும் பழைய வீடு, வலது பக்கம் கண்ணாடிக் கட்டடம். நடுவில் ஓடிய முப்பது ஆண்டுகள் சுவரில் நாலு விரல் இடைவெளியாகச் சுருங்கிவிடுகின்றன. யார் விற்றார்கள், யாரைக் காலி செய்யச் சொன்னார்கள், எத்தனை வருடம் பூட்டியே கிடந்தது, இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்பதெல்லாம் அந்த நாலு விரலுக்குள் போய்விட்டது. அந்த இடைவெளியைக் கொஞ்சமாவது திறந்து காட்டுகிறதா என்பதை வைத்துத்தான் நான் இப்படிப்பட்ட கண்காட்சியை எடைபோடுவேன்.

இந்த ஜோடி உத்திக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. 1850களிலும் 60களிலும் பாரிஸின் நெருக்கமான தெருக்களை இடித்து, அந்நகரின் நிர்வாகத் தலைவரான ஓஸ்மான் பெருவீதிகள் போட்டார். இடிபடப்போகும் தெருக்களைப் படமெடுத்து வைக்க நகராட்சியே சார்ல்ஸ் மார்வில் என்பவரை அமர்த்தியது. சுமார் 425 காட்சிகளை அவர் எடுத்துக் கொடுத்தார். கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவ வேண்டிய காலம் அது. வெளிச்சம் தகட்டில் விநாடிக்கணக்கில் விழ வேண்டும் என்பதால் நடந்து போனவர்கள் யாரும் பதிவாகவில்லை. படங்களில் தெரு ஆளற்றுக் கிடக்கிறது; நடுவில் ஓடும் கழிவுநீரும் ஈரக் கற்களும் பளபளக்கின்றன; சுவரெல்லாம் விளம்பரங்கள். எல்லோரும் ஏற்கெனவே போய்விட்ட ஊர் போலத் தெரியும். உண்மையில் அங்கே ஜனம் நெருக்கியடித்துக்கொண்டு குடியிருந்தது.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். 1878 உலகக் கண்காட்சிக்காக அதே மார்விலைப் புதிய வீதிகளையும் எடுக்கச் சொல்லி, பழையதையும் புதியதையும் சேர்த்து வைத்துக் காட்டியது நகராட்சி. அதாவது, இடித்தவரே வைத்த ‘அன்று, இன்று’. யாரும் பெருமூச்சு விட வேண்டும் என்று அதை வைக்கவில்லை; எவ்வளவு அழுக்கை ஒழித்திருக்கிறோம் பாருங்கள் என்று வைத்தார்கள். இன்று அதே படங்களை நாம் ஏக்கத்தோடு பார்க்கிறோம். படம் மாறவில்லை, பார்க்கச் சொன்னவர் மாறிவிட்டார்.

ஆகவே சுவரில் நான் முதலில் தேடுவது, இந்தப் படத்தை யார் எடுக்கச் சொன்னார்கள், இடிப்பதற்கு எவ்வளவு முன்னால் எடுத்தார்கள் என்ற தகவலை. பல கண்காட்சிகளில் இது இருக்காது. ‘பழைய தெரு, சுமார் 1870’ என்று மட்டும் எழுதியிருப்பார்கள்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் நடந்ததைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1866இல் வந்த நகரச் சீர்திருத்தச் சட்டத்தின்படி, நெரிசலான குடியிருப்புகளை வாங்கி இடிக்க ஓர் அறக்கட்டளைக்கு அதிகாரம் கிடைத்தது. அவர்கள் தாமஸ் அன்னானை அழைத்து 1868 முதல் 1871 வரை அந்தச் சந்துகளைப் படமெடுக்க வைத்தார்கள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய அகலம். மேலே கம்புகளில் துணி காய்கிறது. சந்தின் கோடியில் சிலர் நிற்கிறார்கள், அசைந்ததால் முகங்கள் புகைந்திருக்கின்றன. இதுவும் இடிப்பவருக்காக எடுத்ததுதான். ஆனால் அன்னான் செய்த ஒரு காரியத்துக்காக நான் அவரை வணங்குவேன்: படங்களுக்கு ‘118, ஹை ஸ்ட்ரீட் சந்து’ என்கிற மாதிரி கதவிலக்கத்தையே தலைப்பாக வைத்தார். கவித்துவம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த எண் இருப்பதால், 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் புரட்டி அந்த முகவரியில் யார் இருந்தார்கள், என்ன தொழில் செய்தார்கள் என்று தேடிப் பிடிக்க வழியிருக்கிறது. புகைந்த முகத்துக்குப் பெயர் கிடைக்க ஒரு வாய்ப்பு. ‘மறைந்துபோன காலம்’ என்று தலைப்பு வைத்திருந்தால் அந்த வாய்ப்பும் போயிருக்கும்.

லண்டனில் கதை வேறு. 1875இல் ஒரு பழைய விடுதி இடிபடப்போகிறது என்று தெரிந்ததும், ஆர்வலர்கள் சிலர் சங்கம் அமைத்து, சந்தா வசூலித்துப் படமெடுக்க ஏற்பாடு செய்தார்கள். 1886 வரை 120 படங்கள். சாதாரணப் பிரிண்டுகள் மங்கிப்போகும் என்று தெரிந்து, நிறம் போகாத கார்பன் முறையில் அச்சிட்டார்கள். இங்கே காசு கொடுத்தவர்கள் கட்டடத்தின் மேல் பிரியம் வைத்தவர்கள். அதனால் படத்தில் வளைவுகளும் மரவேலையும் அழகாக விழுந்திருக்கின்றன. குடியிருந்தவர்கள் பற்றி அவ்வளவாக ஒன்றும் தெரியாது. எந்தக் கையும் ஒரு பக்கம் சாயத்தான் செய்யும். சாய்வை மறைக்காமல் எழுதிவைத்தால் போதும்.

இனி, நடுவில் விட்டுப்போனதைக் காட்டுவது எப்படி என்பதற்கு வருகிறேன். இதில் எனக்கு மிகப் பிடித்த முன்மாதிரி கமிலோ ஹோசே வெர்காரா. சிலியில் பிறந்து அமெரிக்காவில் வாழும் இவர், 1970களிலிருந்து நியூயார்க், நியூவர்க், கேம்டன், டெட்ராய்ட் போன்ற நகரங்களின் ஏழ்மையான பகுதிகளில் அதே இடங்களுக்குத் திரும்பத் திரும்பப் போய் எடுத்துக்கொண்டிருக்கிறார். நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் 65, கிழக்கு 125ஆம் தெரு என்ற ஒரே கடைமுகப்பை 1977 முதல் தொடர்ந்து எடுத்திருக்கிறார். முதலில் அது ஒரு இரவு விடுதி. அப்புறம் முகப்பு இரண்டாகப் பிரிகிறது, மளிகைக் கடை வருகிறது, மெத்தைக் கடை வருகிறது, ஒரு கட்டத்தில் அது ஒரு தேவாலயம். முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் மட்டும் மாட்டியிருந்தால் ‘விடுதி போய் வேறொன்று வந்தது’ என்று ஒரு வரியில் முடிந்திருக்கும். வரிசையாகப் பார்க்கும்போதுதான் ஒரு முகப்பு பிழைத்துக்கிடப்பதற்கு எவ்வளவு வேஷம் போட வேண்டியிருக்கிறது என்பது தெரிகிறது. பெயர்ப்பலகை, இரும்புக் கதவு, மேல் மாடி ஜன்னல் அடைக்கப்பட்டது, திரும்பத் திறக்கப்பட்டது என்று கண் தானாகவே சின்னச் சின்ன விஷயங்களைத் தேட ஆரம்பிக்கும். பார்வையாளரை வேலை வாங்குகிற கண்காட்சி இது. தனித்தனியாகப் பார்த்தால் அதில் எந்தப் படமும் பிரமாதமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கபிரியேலே பசிலிகோ என்ற இத்தாலியப் புகைப்படக்காரரும் இப்படித் திரும்பிப் போனவர்தான். லெபனானில் உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு, 1991இல், சீரமைப்பு தொடங்குமுன் பெய்ரூட்டின் மையப் பகுதியை எடுக்க அழைக்கப்பட்ட ஆறு பேரில் அவர் ஒருவர். பிறகு 2003இல் போனார், அதற்குப் பின்னும் போனார். குண்டு துளைத்த தெருவும், அதே தெரு பளபளப்பாகத் திரும்பி நிற்பதும் அடுத்தடுத்து வரும்போது, சீரமைப்பும் ஒரு வகையில் பழையதை அழித்ததுதான் என்பது விளங்கும்.

நாமே செய்வதானால் முப்பது ஆண்டு காத்திருக்க முடியாதே என்று கேட்கலாம். அதற்குத்தான் பழைய படங்கள் இருக்கின்றன. அமெரிக்கப் புகைப்படக்காரர் பெரனிஸ் அபாட் 1929இல் பாரிஸிலிருந்து நியூயார்க் திரும்பியபோது ஊரே உருமாறிக்கொண்டிருந்தது. 1935 முதல் அரசின் கலைத் திட்டத்தில் வேலை கிடைத்து, ‘மாறும் நியூயார்க்’ என்ற தொகுப்பாக 305 படங்கள் எடுத்தார். 1937இல் நியூயார்க் நகர அருங்காட்சியகத்தில் கண்காட்சி நடந்தது. அந்தத் திட்டத்தில் ஆராய்ச்சிக்கென்றே உதவியாளர்கள் இருந்தார்கள். கட்டடங்களைப் பற்றித் தகவல் தேடிக் கோப்பு போட்டார்கள். 1939இல் புத்தகமாக வந்தபோது பதிப்பாளர், எலிசபெத் மெக்காஸ்லண்ட் எழுதிய வாசகங்களைக் கத்தரித்துச் சுற்றுலாக் கையேடு மாதிரி ஆக்கிவிட்டார். படங்களுக்குக் கீழே இருக்க வேண்டிய வாசகம் எவ்வளவு எளிதாகக் காணாமல் போகிறது, பாருங்கள். 1990களின் பிற்பகுதியில் டக்ளஸ் லெவரி என்பவர் அபாட் நின்ற இடங்களுக்கே போய், அதே பருவத்தில், அதே நேரத்தில் நின்று மறுபடி எடுத்தார். குறிப்புகள் துல்லியமாக இருந்ததால்தான் அது முடிந்தது.

பழைய படம் எடுத்த இடத்தைக் கண்டுபிடிக்கும் வித்தை ஒன்றும் மந்திரமில்லை. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், நூறாண்டுக்கு முன் நில அளவைக் குழுக்கள் எடுத்த படங்களை 1977 முதல் 79 வரை மறுபடி எடுத்த மார்க் கிளெட்டின் குழு இதைச் செம்மையாகச் செய்து காட்டியது. படத்தில் அருகே இருக்கும் ஒரு பொருளையும் தூரத்தில் இருக்கும் ஒரு பொருளையும் எடுத்துக்கொள்ளுங்கள். உதாரணமாக, பக்கத்துச் சுவரின் மூலை, அதற்குப் பின்னால் தெரியும் கோபுரம். பழைய பிரிண்டில் கோபுரத்தின் எந்தப் பாகத்தைச் சுவர் மறைக்கிறது என்று பாருங்கள். நீங்கள் இடது பக்கம் நகர்ந்தால் மறைப்பு ஒரு விதமாக மாறும், வலது பக்கம் நகர்ந்தால் எதிர்விதமாக. பக்கவாட்டு இடம் இப்படிச் சிக்கும். முன்னால் போவதா பின்னால் போவதா என்பதற்கு இரண்டு நீளங்களின் விகிதத்தை அளக்க வேண்டும். பிரிண்டில் வாசல் அகலமும் தூரத்துக் கோபுரத்தின் உயரமும் எத்தனைக்கு எத்தனை என்று ஸ்கேல் வைத்துப் பார்த்து, உங்கள் படத்திலும் அதே விகிதம் வரும்வரை நடக்க வேண்டும். கிளெட் குழு அந்த இடத்திலேயே போலராய்டு எடுத்து அளந்தது; இன்று கைபேசியே போதும். லென்ஸ் வேறாக இருந்தால் கவலையில்லை, பிறகு ஓரம் வெட்டிக்கொள்ளலாம். நிற்கும் இடம் தவறினால் மட்டும் எதை வெட்டியும் சரிசெய்ய முடியாது. நிழல்களைப் பார்த்து மாதத்தையும் மணியையும் ஊகிக்கலாம்.

இதையே திருப்பிப் போட்டால், இன்று நீங்கள் எடுப்பதை நாளை இன்னொருவர் மறுபடி எடுக்க என்ன தேவை என்பது கிடைத்துவிடும்: தேதி, மணி, கதவிலக்கம், எந்த மூலையில் எந்தத் திசை பார்த்து நின்றீர்கள், கேமரா தரையிலிருந்து எவ்வளவு உயரம். இவ்வளவுதான் விஷயம். இதை எழுத ஒரு நிமிஷம் போதும், ஆனால் எழுதுபவர் அபூர்வம்.

எடுக்கும் முறையில் ஒன்றிரண்டு மட்டும் சொல்கிறேன். உயரமான கட்டடத்தைக் கேமராவை மேலே சாய்த்து எடுத்தால் சுவர்கள் உச்சியில் கூடிக்கொள்ளும், கட்டடம் மல்லாந்து விழப்போவது போல இருக்கும். கேமராவை மட்டமாக வைத்துப் பின்னால் போங்கள், அல்லது எதிர் மாடியில் ஏறுங்கள், அல்லது கேமராவைச் சாய்க்காமலே லென்ஸை மட்டும் மேலே நகர்த்தக்கூடிய ஷிஃப்ட் லென்ஸ் வாடகைக்கு எடுங்கள். வரிசையாக ஒப்பிட வேண்டிய படங்களுக்கு மப்பான நாள் நல்லது. பெர்ன்ட், ஹில்லா பெக்கர் தம்பதி தண்ணீர்த் தொட்டிக் கோபுரங்களையும் சுரங்கக் கோபுரங்களையும் பல பத்தாண்டுகள் இப்படியே, சாம்பல் வானத்தின் கீழ், ஒரே மாதிரி எடுத்துக் கட்டம் கட்டமாக மாட்டினார்கள். சூரிய அஸ்தமனப் பொன்னொளி வந்து நிற்காததால், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வேறுபாடு மட்டும் கண்ணில் படும்.

சலிப்பாக இருக்காதா என்றால், இருக்கும். 1975இல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் உள்ள ஜார்ஜ் ஈஸ்ட்மன் இல்லம் என்ற புகைப்பட அருங்காட்சியகத்தில் வில்லியம் ஜென்கின்ஸ் அமைத்த ‘நியூ டோபோகிராஃபிக்ஸ்’ கண்காட்சியில் பெக்கர் தம்பதியோடு இன்னும் எட்டு புகைப்படக்காரர்கள் இருந்தார்கள். புறநகர் வீடுகள், வாகன நிறுத்தங்கள், தொழிற்கூடச் சுவர்கள். இதையெல்லாமா மாட்டுவார்கள் என்று அன்று பலர் முகம் சுளித்தார்கள். இன்று நகரப் புகைப்படக்கலையில் அதைத் தாண்டிப் பேச முடியாது. அழகு காட்டாமல் நின்றதுதான் அதன் பலம் என்பது என் கட்சி. ஆனால் எல்லாக் கண்காட்சியும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை.

நேர் எதிரான ஆபத்து இடிபாட்டு அழகு. டெட்ராய்ட்டின் கைவிடப்பட்ட திரையரங்குகளும் ரயில் நிலையமும் பிரமாண்டமான வண்ணப் படங்களாக 2010 வாக்கில் உலகம் சுற்றின. பார்க்க அற்புதம், மறுக்க மாட்டேன். ஆனால் அதே 2010 கணக்கெடுப்பில் அந்த நகரில் 7 லட்சத்துக்கும் மேல் மக்கள் இருந்தார்கள். படங்களில் ஒருவர்கூடக் கண்ணில் படுவது அரிது. அந்த ஊர்க்காரர்கள் கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது. மார்வில் காலத்தில் கேமராவால் ஆளைப் பிடிக்க முடியவில்லை. இப்போது அந்தச் சாக்கு கிடையாது.

மக்களை எப்படி உள்ளே கொண்டுவருவது என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் இடம் கேப் டவுனின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் அருங்காட்சியகம். தென்னாப்பிரிக்காவின் அந்த டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் குடியிருப்புப் பகுதி 1966இல் வெள்ளையர்களுக்கு மட்டும் என்று அறிவிக்கப்பட்டு, சுமார் 60,000 பேர் அங்கிருந்து அகற்றப்பட்டார்கள், வீடுகள் இடிக்கப்பட்டன. 1994இல் ஒரு பழைய தேவாலயத்தில் அருங்காட்சியகம் திறந்தபோது, தரை முழுக்க அந்தப் பகுதியின் பெரிய வரைபடத்தை விரித்தார்கள். வந்த பழைய குடியிருப்பாளர்கள் குனிந்து தங்கள் வீடு இருந்த இடத்தில் பெயர் எழுதினார்கள். மேலே அந்தத் தெருக்களின் அசல் பெயர்ப்பலகைகள் தொங்குகின்றன. இடிக்கும் வேலையில் இருந்த ஒருவரே அவற்றை எடுத்துப் பத்திரமாக வைத்திருந்தார். சுற்றிலும் புகைப்படங்கள். அங்கே படம் சுவரில் சும்மா தொங்குவதில்லை. இது இன்னார் வீடு என்று சொல்ல ஒருவர் தரையில் நின்றுகொண்டிருக்கிறார். நீங்கள் செய்யும் சின்னக் கண்காட்சியிலும் ஒரு வரைபடம், பென்சில், காலி அட்டைகள் வைக்கலாம். நீங்கள் எழுதிய கேப்ஷன் தவறு என்று யாராவது எழுதிவிட்டுப் போனால், அட்டையையும் கேப்ஷனுக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள். முடிந்தால் படமெடுத்த பகுதியிலேயே, ஒரு பள்ளிக் கூடத்திலோ நூலகத்திலோ முதலில் வையுங்கள், பெரிய கேலரி அப்புறம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கதவிலக்கம் போடு போடு என்று சொன்னேன். இன்னும் குடியிருப்பவர்கள், அதுவும் பட்டாவோ ஒப்பந்தமோ இல்லாமல் இருப்பவர்கள் என்றால், முகமும் முகவரியும் சேர்ந்த படம் அவர்களுக்கு எதிராகவே போகலாம். நியூயார்க்கில் பத்திரிகையாளர் ஜேக்கப் ரீஸ் 1890 வாக்கில் சேரிகளின் உள்ளே ஃபிளாஷ் பொடி வெடித்து எடுத்த படங்கள் சீர்திருத்தத்துக்கு உதவின. மல்பெரி பெண்ட் என்ற பகுதி இடிக்கப்பட்டு 1897இல் பூங்கா வந்தது. அங்கே தூங்கிக்கொண்டிருந்தவர்களிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. ஆகவே விவரத்தை முழுமையாகக் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் சுவரில் எவ்வளவு போடுவது என்பதை அவர்களையே கேட்டு முடிவு செய்யுங்கள்.

கூகுள் ஸ்ட்ரீட் வியூ இருக்கிறதே, அதில் பழைய ஆண்டுக்குக்கூடப் போகலாமே, இந்தப் பாடெல்லாம் எதற்கு என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். நல்ல கேள்விதான். தெருவை முழுசாக எடுப்பது புதிதில்லை. ஓவியர் எட் ருஷே 1966இல் வண்டியில் கேமரா பொருத்தி, லாஸ் ஏஞ்சலஸின் சன்செட் ஸ்ட்ரிப்பில் இருபுறமும் இருந்த எல்லாக் கட்டடங்களையும் எடுத்து, மடித்துவைத்த சுமார் 7.5 மீட்டர் நீளப் புத்தகமாகப் போட்டார், கீழே கதவிலக்கங்களோடு. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அந்தச் சாலையை எடுத்தார்; லாஸ் ஏஞ்சலஸின் கெட்டி கலை ஆய்வு நிறுவனம் அதில் 65,000க்கும் மேற்பட்ட படங்களை இணையத்தில் ஏற்றியிருக்கிறது. ஸ்ட்ரீட் வியூவையும் தயங்காமல் பயன்படுத்துங்கள், எந்த ஆண்டில் பலகை மாறியது என்று தேட அதைவிட வசதி இல்லை. ஆனால் அது கார் கூரைக்கு மேலிருந்து, கார் போகும் இடத்திலிருந்து மட்டும், கார் வந்த அன்றைக்கு மட்டும் பார்க்கும். மாடிப்படி, முற்றம், சாமான் ஏற்றிய லாரி கிளம்பும் காலை, வாசலில் ஒட்டிய நோட்டீஸ், இவை எதுவும் அதில் கிடைக்காது. அந்த நாலு விரல் இடைவெளியில் நடப்பவை பெரும்பாலும் இவைதான்.

மாட்டும் வேலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145–150 செ.மீ. உயரத்தில் வந்தால் பெரும்பாலானவர்களுக்குச் சரியாக இருக்கும். கேப்ஷனைக் குனிந்து படிக்கும்படி வைக்காதீர்கள், எழுத்து பெரிதாக இருக்கட்டும். ஒப்பிட வேண்டிய படங்கள் ஒரே அளவில் இருக்கட்டும்.

கடைசியாக, கண்காட்சி முடிந்த மறுநாள். 1851இல் பிரெஞ்சு அரசு ஐந்து புகைப்படக்காரர்களை நாடெங்கும் அனுப்பிப் பழங்காலக் கட்டடங்களை எடுக்கச் சொன்னது. எடுத்து வந்தார்கள், அரசோ வெளியிடவும் இல்லை, காட்டவும் இல்லை, அலமாரியில் வைத்துவிட்டது. ஐவரில் ஒருவரான பயார் எடுத்தவை ஒன்றுகூட இன்று இல்லை. உங்கள் படங்கள் யாருடைய பழைய ஹார்டு டிஸ்க்கிலாவது கிடந்து இப்படிப் போகாமல் இருக்க, ஒரு நூலகத்திடமோ ஆவணக்காப்பகத்திடமோ ஆரம்பத்திலேயே பேசிவையுங்கள். கோப்பின் பெயரிலேயே தேதியும் தெருவும் வரட்டும். கொடுக்கும்போது சுவரில் மாட்டியவற்றோடு நிறுத்தாமல், சுமாராக வந்தது என்று நீங்கள் ஒதுக்கிய படங்களையும், குறிப்பேட்டையும், பார்வையாளர் எழுதிய அட்டைகளையும் சேர்த்துக் கொடுங்கள். பின்னால் தேடிவருபவருக்கு உங்கள் படத்தின் நடுவில் இருக்கும் கட்டடம் வேண்டியிருக்காது. ஓரத்தில் பாதி விழுந்த பக்கத்துக் கடைதான் வேண்டியிருக்கும்.